உங்கள் தமிழ் போதும்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்து, இன்று தாய் தகப்பனாகியிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலர் ஒரு காலத்தில் சனிக்கிழமை காலைகளில் என் தமிழ் வகுப்பில் இருந்தவர்கள். மற்றவர்கள் வேறு ரீச்சர்மாரிடம் படித்திருப்பீர்கள், அல்லது படிக்காமலும் விட்டிருப்பீர்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் வளர்ந்தீர்கள். இப்போது மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று வீடு வாங்கிப் போயிருக்கிறீர்கள். கையில் இரண்டு வயதுப் பிள்ளை, நான்கு வயதுப் பிள்ளை. எழுத்துக் கூட்டி வாசிப்பது சிரமமாக இருந்தால் இந்த மடலை உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்டால் உங்களுக்கு முழுவதும் விளங்கும் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

கோயிலிலோ கலியாண வீட்டிலோ உங்களைக் காணும்போது, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "தமிழ் கதைக்கிறாரோ?" என்று கேட்பேன். கிடைக்கும் மறுமொழி அனேகமாக இப்படித்தான் இருக்கும்: "எனக்கே தமிழ் வடிவா வராது ரீச்சர். நான் கதைச்சுப் பிழையாப் பழக்கிவிடுவனோ எண்டு பயம். அம்மம்மா கதைப்பா. கொஞ்சம் வளர வகுப்புக்கு விடுறன்." அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் தெரியும் கூச்சம் எனக்கு மனவருத்தம் தருகிறது. தமிழ் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கூச்சம் வராது. தமிழ் வேண்டும், ஆனால் தரத் தகுதி தனக்கு இல்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் வரும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்த நினைப்பை மாற்றுவதற்காகத்தான்.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது என் வேலை. ஒன்ராறியோவில் மரபுமொழித் திட்டம் 1977இல் தொடங்கியது. இப்போது அதற்குப் பன்னாட்டு மொழிகள் திட்டம் என்று பெயர். வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம், பெரும்பாலும் சனிக்கிழமை காலை, பொதுப் பாடசாலைக் கட்டடத்திலேயே நடக்கும். உயர்நிலைப் பாடசாலையில் தமிழை ஒரு பாடமாக எடுத்துக் கிரெடிற் பெறவும் முடியும். எத்தனையோ புலம்பெயர் நாடுகளில் பெற்றோர் தங்கள் சொந்தக் காசில் மண்டபம் எடுத்து வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களோடு பார்க்கும்போது நமக்குக் கிடைத்திருப்பது பெரிய கொடை.

ஆனால் கணக்குப் பாருங்கள். வருடத்தில் முப்பத்தைந்து சனிக்கிழமை வகுப்பு நடந்தாலும் மொத்தம் 90 மணித்தியாலம் வராது. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் விழித்திருக்கும் பிள்ளைக்கு வருடத்தில் 4,700 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. அந்த 90இலும், வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, உங்கள் பிள்ளை வாய் திறந்து கதைக்கக் கிடைப்பது ஒவ்வொரு கிழமையும் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் எழுத்துப் பழக்கலாம், வாசிக்கப் பழக்கலாம், ஏற்கெனவே நாவில் இருக்கிற பேச்சைத் திருத்தி வளர்க்கலாம். வீட்டில் கேட்காத பேச்சை வகுப்பில் உண்டாக்க எந்த ரீச்சராலும் முடியாது.

எங்களைவிட எல்லா வசதியும் உள்ள சிங்கப்பூரிலும் இதைத்தான் காண்கிறோம். அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. பாடசாலையில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி எல்லாம் உண்டு. அப்படியிருந்தும், அங்குள்ள இந்தியரில் வீட்டில் பிரதானமாகத் தமிழ் பேசுவோர் 2010 குடிசன மதிப்பீட்டில் 36.7 சதவீதம். 2020இல் அது 29.2ஆகக் குறைந்துவிட்டது. வீட்டில் பிரதானமாக ஆங்கிலம் பேசுவோர் பாதிக்கு மேல். ஓர் அரசாங்கமே பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்தும் வீட்டுப் பேச்சு சரிகிறது என்றால், சனிக்கிழமை ரீச்சர் எந்த மூலைக்கு?

அடுத்தது உங்கள் தமிழ். இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு நாளில் என்னென்ன கதைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எழுப்புவது, முகம் கழுவிவிடுவது, தலை இழுப்பது, சப்பாத்துப் போட்டுவிடுவது, சோறு தீத்துவது, குளிக்க வார்ப்பது, நித்திரையாக்குவது. இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய தமிழ் உங்களிடம் இருக்கிறது. உங்கள் அம்மா உங்களுக்குச் சொன்ன அதே சொற்கள்தான். பிள்ளை விழுந்தால் யோசிக்காமலே உங்கள் வாயில் வருவது "ஐயோ குஞ்சு, நொந்ததோ?" தானே? அது வருகிறது என்றால் மற்றதும் வரும். "பார்க்குக்குப் போவம்", "ஃப்ரிட்ஜைப் பூட்டு" என்று ஆங்கிலச் சொல் கலந்து வந்தால் வரட்டும். வினை தமிழ், வேற்றுமை உருபு தமிழ், வசனத்தின் அடுக்கு தமிழ். பிள்ளை அந்த அடுக்கைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். பெயர்ச்சொற்களைப் பிறகு எந்த வயதிலும் சேர்த்துக்கொள்ளலாம். வசனம் கட்டும் பழக்கத்தைப் பத்து வயதில் தொடங்குவது கடினம்.

பெல்ஜியத்தில் டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், அனிக் டி ஹௌவர் என்ற மொழியியலாளர் ஏறத்தாழ 1,900 குடும்பங்களிடம் விவரம் சேகரித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எல்லாமே வீட்டில் டச்சு அல்லாத இன்னொரு மொழியும் புழங்கும் குடும்பங்கள். தாயும் தகப்பனும் வீட்டில் தங்கள் மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் 97 சதவீதத்தில் பிள்ளைகளும் அந்த மொழியைப் பேசினார்கள். ஒருவர் தன் மொழியை மட்டும், மற்றவர் டச்சை மட்டும் பேசிய வீடுகளில் அது 74 சதவீதம். ஒருவர் டச்சு மட்டும், மற்றவர் இரண்டும் கலந்து என்ற வீடுகளில் 36 சதவீதம். அந்த ஆய்வு பெற்றோருக்கு இலக்கணப் பரீட்சை வைக்கவில்லை. வீட்டில் எந்த மொழி, யாருடைய வாயில் இருந்து வருகிறது என்பதைத்தான் கேட்டது. விடை அதிலேயே இவ்வளவு தெளிவாக விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் பிள்ளையோடு பேசும் மொழி மட்டுமல்ல, நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியும் கணக்கில் வருகிறது. உங்களில் அனேகம் பேர் பல்கலைக்கழகத்திலோ வேலையிடத்திலோ சந்தித்து ஆங்கிலத்திலேயே பழகிக் கலியாணம் செய்தவர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிள்ளைக்குக் கூர்மையான காது. அம்மா தன்னோடு தமிழில் கதைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் முக்கியமான விஷயம் கதைக்கிறா என்றால், தமிழ் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் பெரிய ஆட்களுக்கு என்று அது தானாக முடிவுகட்டிவிடும். எல்லாப் பிள்ளைகளும் கெதியாகப் பெரிய ஆளாக விரும்புபவர்கள். ஆகவே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது நீங்கள் இருவரும் தமிழில் கதையுங்கள். வீட்டுக் கடன், வேலையிடத்துப் பிரச்சினை, மாமாவின் சுகயீனம், எதுவானாலும். முதல் ஒரு மாதம் நாக்கு தடக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பு வரும். பிறகு பழகிவிடும்.

அம்மம்மா பார்த்துக்கொள்வா என்பதும் இதே காரணத்தால் போதாது. அம்மம்மா பெரிய பலம். பகலில் பிள்ளை பார்ப்பவ அவதான் என்றால் முதல் மூன்று வருடத் தமிழுக்கு அத்திவாரம் போடுபவ அவதான். ஆனால் பிள்ளை தான் வளர்ந்து யாரைப் போல வரவேண்டும் என்று பார்ப்பது உங்களைத்தான். அம்மம்மாவோடு மட்டும் தமிழ் என்றால், தமிழ் அம்மம்மாவின் மொழியாகவே நின்றுவிடும்.

இப்போது நீங்கள் தினமும் சந்திக்கும் ஒரு கட்டத்துக்கு வருகிறேன். பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் போகத் தொடங்கிய பிள்ளை ஒரு பின்னேரம் குசினிக்குள் வந்து, "வோட்டர் பிளீஸ்" என்று கேட்கிறது. நேற்றுவரை "தண்ணி" என்று கேட்ட பிள்ளை. நீங்கள் அடுப்பில் கறியைக் கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கணத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லான்ஸா, நோர்வேயில் அமெரிக்கத் தாய்க்கும் நோர்வேஜியத் தகப்பனுக்கும் பிறந்த சின்னப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, இந்தக் கணத்தைத்தான் நுணுக்கமாக ஆராய்ந்தார். 1997இல் அது நூலாக வந்தது. பெற்றோர் செய்யக்கூடியவற்றை அவர் ஐந்தாக வகுத்தார். நம் குசினியில் அவை இப்படி இருக்கும்.

"என்ன கேட்டனீங்கள் ராசா? விளங்கேல்லையே" என்று சொல்லிக் காத்திருக்கலாம். "தண்ணி வேணுமோ?" என்று ஊகித்துக் கேட்கலாம், பிள்ளை "ஓம்" என்று சொல்லும். "தண்ணி வேணும், என்ன? இந்தா தண்ணி" என்று தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டலாம். ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அல்லது "ஓகே பேபி, வெயிட்" என்று நீங்களும் ஆங்கிலத்துக்குப் போகலாம். கடைசி இரண்டும் பிள்ளைக்குச் சொல்லும் செய்தி, இந்த வீட்டில் ஆங்கிலமும் செல்லும் என்பது. முதல் மூன்றும், அம்மாவோடு தமிழ் என்ற செய்தியை வெவ்வேறு அழுத்தத்தில் சொல்கின்றன.

விளங்காதது போலக் காட்டுவதை நான் அடிக்கடி செய்யச் சொல்லமாட்டேன். நீங்கள் வேலையிடத்தில் ஆங்கிலம் பேசுவது பிள்ளைக்குத் தெரியும், தண்ணீர் விடாய்த்து வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திப் பரீட்சை வைப்பது போலாகிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் நல்லது. பிள்ளைக்குக் கோபம் வராது, தமிழ்ச் சொல் காதில் விழும், தண்ணீரும் உடனே கிடைக்கும். களைப்பான நாளிலும் செய்யக்கூடியது. "அம்மா வந்தது" என்று பிள்ளை சொன்னால், "அப்பிடிச் சொல்லக்கூடாது, வந்தவ எண்டு சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஓம், அம்மா வந்தவ, என்ன கொண்டுவந்தவ?" என்று கதையை நகர்த்திக்கொண்டு போங்கள். திருத்தமும் முடிந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை.

இந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளை தமிழ் சொல்லும்போது சிரிக்காதீர்கள். கலியாண வீட்டில் நாலுபேர் முன்னால், "உவர் தமிழ் கதைக்கிறதைக் கேளுங்கோவன்" என்று சொல்லிக் கதைக்கவைத்து, உச்சரிப்பைப் பார்த்து எல்லோரும் சிரிப்பது பாசத்தில்தான். பிள்ளைக்கு அது பாசமாகத் தெரியாது. உங்கள் மகனும் மகளும் பதினொரு, பன்னிரண்டு வயதில் தமிழில் வாய் திறப்பதை நிறுத்தியது பெரும்பாலும் அப்படியான சிரிப்புகளுக்குப் பிறகுதான். ழகரம் வரவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே ழகரமும் ளகரமும் பலருக்கு ஒன்றாகத்தான் வரும். அதற்காக யாரும் அவர்களைத் தமிழரில்லை என்று சொன்னதில்லை.

பாடசாலை தொடங்கும் செப்டெம்பர் மாதம் ஒரு பெரிய கண்டம். இங்கே நான்கு வயது நிறையும் வருடத்திலேயே பாலர் வகுப்பு. டிசம்பரில் பிறந்த பிள்ளை மூன்றே முக்கால் வயதில் போகத் தொடங்கும். 2010இல் படிப்படியாகத் தொடங்கிய முழுநாள் பாலர் வகுப்பு 2014க்குள் ஒன்ராறியோ முழுவதும் வந்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல், நானும் அதை வரவேற்றவள். ஆனால் அரைநாள் அம்மம்மாவோடு இருந்த பிள்ளை இப்போது முழுநாளும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த முதல் பருவத்தில் பல பெற்றோர் பதறிப்போய், பிள்ளை பின்தங்கிவிடக்கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாடசாலை, விளையாட்டிடம், தொலைக்காட்சி, பக்கத்து வீடு எல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியிலிருந்தே சொல்லிவருவது, ஒரு மொழியில் பெற்ற கருத்தும் வாசிப்புத் திறனும் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பது. மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற பொதுப் பாடசாலை, பிள்ளைகள் ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் சேர்த்துத் தாங்களே கதைப்புத்தகம் எழுதும் திட்டத்தை நடத்தியது அந்தச் சிந்தனையை ஒட்டித்தான். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், இன்று பெரும்பாலானவர்கள் வீட்டு மொழியை விடவேண்டாம் என்றே சொல்வார்கள்.

ஆனால் எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளை கதைக்கப் பிந்தினால், "ஒரு மொழியோடு நிறுத்துங்கள்" என்று சொல்லும் மருத்துவர்களும் உறவினர்களும் இன்னும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு அப்படி ஓர் ஆலோசனை கிடைத்து, அவ மகனோடு தமிழில் கதைப்பதை ஒரே நாளில் நிறுத்தினா. அவனுக்குத் தெரிந்த கொஞ்சச் சொற்களும் தமிழ்தான். வீட்டில் யாரும் தன் மொழியில் மறுமொழி சொல்லாததால் அவன் பல கிழமைகள் பேச்சே இல்லாமல் இருந்தான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும், அதற்கு உதவி தேவை, உதவிக்கு மொழியைப் பறிக்கத் தேவையில்லை. ஹாலிஃபாக்ஸிலுள்ள டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கே-ரெயினிங் பேர்டும் கூட்டாளிகளும் டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். இருமொழியில் வளர்ந்தவர்களின் ஆங்கிலம், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலையிலுள்ள பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. ஒன்ராறியோவில் பாலர் பேச்சுச் சிகிச்சை அரச செலவில் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் பிந்தாமல் போங்கள். போகும்போது பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் பிள்ளையின் பாதிப் பேச்சு கணக்கில் வராது.

இருமொழி மூளைக்கு நல்லது என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டொக் இதில் பெயர்பெற்ற ஆய்வுகளைச் செய்தவர். அவருடைய முடிவுகளைப் பிறர் திரும்பச் செய்து பார்த்தபோது சில இடங்களில் அதே விடை வந்தது, பல இடங்களில் வரவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். புத்திக்கூர்மைக்காகத் தமிழ் பழக்குங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அதற்குச் சதுரங்கமும் உண்டு, கணக்கும் உண்டு.

நான் பயப்படுவது பதினைந்து வயதைப் பற்றி. அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் லில்லி வோங் ஃபில்மோர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் விவரத்தை வைத்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதிலேயே ஆங்கிலப் பாலர் வகுப்புக்குப் போன பிள்ளைகள் வீட்டு மொழியை எப்படி இழக்கிறார்கள், இழந்த பிறகு அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் பொருள். புத்தி சொல்லவும் ஆறுதல் சொல்லவும் பெற்றோருக்கு மொழி இல்லாமல் போகிறது. உங்களுக்கு அப்படி நேராது, ஏனென்றால் உங்கள் ஆங்கிலம் இங்கே பிறந்தவர்களின் ஆங்கிலம். நேரப்போவது உங்கள் பெற்றோருக்கு. உங்கள் அம்மா போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்தவ. எதை விட்டுவிட்டு வந்தா, யாரை இழந்தா, பனிக்குள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் உங்களை எப்படி வளர்த்தா என்பதெல்லாம் அவவிடம் தமிழில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு "சாப்பிட்டாச்சோ", "வா", "போ" மட்டும் விளங்கும் என்றால், அவ அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான்.

சுவிற்சலாந்தின் மொழியியலாளர் பிரான்சுவா குரோஜான் இருமொழியாளரைப் பற்றி ஒன்று சொல்வார். அவர்கள் எந்த மொழியை எந்த இடத்தில் புழங்குகிறார்களோ அந்த இடத்துச் சொற்கள் அந்த மொழியில் மட்டுமே வளரும். சோறும் குளிப்பும் நித்திரையும் தமிழில் நடந்தால் பிள்ளையிடம் அந்தத் தமிழ் இருக்கும். நட்பு, சண்டை, பயம், கூச்சம், அரசியல், விளையாட்டு எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்தால் அதற்குத் தமிழ் இராது. பதினைந்து வயதில் பிள்ளைக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இவைதானே? அதனால்தான் நன்றாகத் தமிழ் கதைத்த பிள்ளைகளும் அந்த வயதில் மௌனமாகிறார்கள். ஆகவே பிள்ளை வளர வளர தமிழையும் குசினிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ராப்டர்ஸ் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கும்போது ஏன் தோற்றார்கள் என்று தமிழில் வாதாடுங்கள். பாடசாலையில் யாரோ நோகப் பேசியதைச் சொல்லும் பிள்ளைக்கு, அது ஆங்கிலத்தில் சொன்னாலும், தமிழில் ஆறுதல் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறினால் பரவாயில்லை, ஆங்கிலச் சொல்லைப் போட்டு வசனத்தைத் தமிழில் முடியுங்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் இன்னொரு பிரச்சினை வரும். மூத்தவருக்குத் தமிழ் வந்தது, இளையவருக்கு வரவில்லை என்று சொல்லாத வீடு குறைவு. இளையவரோடு அதிகம் கதைப்பது அம்மாவல்ல, பாடசாலையிலிருந்து ஆங்கிலத்தோடு வரும் அக்காவோ அண்ணாவோதான். அந்த நிலை வரும் முன்பே மூத்த பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: தம்பிக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது நீதான் என்று. பெரிய மனுசத்தனமான வேலை என்பதால் ஆசையாகச் செய்வார்கள். படுக்கையில் தங்கச்சிக்குக் கதைப்புத்தகம் காட்டும் வேலையையும் அவர்களிடமே விடலாம்.

புத்தகம் என்றதும் எழுத்துத் தமிழின் பயம் உங்களுக்கு வருகிறது, தெரியும். 247 எழுத்து என்று சொல்லிப் பயப்படுத்தியிருப்பார்கள். உண்மையில் பிள்ளை படிக்க வேண்டியது பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும், அவற்றோடு சேரும் கொம்பு, கால், சுழி முதலான குறிகளும், சில உருமாறும் எழுத்துகளும்தான். ஆறு ஏழு வயதில் ஆறுதலாகப் படிக்கலாம், அதை என்னிடமும் என்னைப் போன்றவர்களிடமும் விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, படத்தைக் காட்டி, எழுத்தில் உள்ளதை நம் பேச்சில் சொல்லுவது. புத்தகத்தில் "முயல் ஓடியது" என்று இருந்தால் நீங்கள் "முயல் ஓடிட்டுது" என்று சொல்லுங்கள், பிள்ளைக்கு அது கதையாகக் கேட்கும். சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மீளாய்வுக் குழுவே 2005இல், வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கும் இடம் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. உங்கள் வீட்டில் அதற்குத் தடை எதற்கு? சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள படப்புத்தகங்களை வெளியிடுகிறது. ரொறன்ரோப் பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் காசில்லாமல் கிடைக்கும்.

துணை தமிழரல்லாதவர் என்றால் சோர்ந்துபோகாதீர்கள். மேலே சொன்ன 74 சதவீதத்தை நினையுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் உறுதியாகத் தமிழில் நின்றாலே நான்கில் மூன்று வீட்டில் கைகூடுகிறது. துணைவரிடம் முதலிலேயே கதைத்து வையுங்கள், தனக்கு விளங்காத ஏதோ தன் வீட்டிலேயே நடக்கிறது என்று அவருக்குப் படக்கூடாது. துணை தமிழ்நாட்டுக்காரர் என்றால், நீங்கள் "கதை" என்பீர்கள், அவர் "பேசு" என்பார். எது சரி என்று சண்டை வேண்டாம். பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும், அப்பாவோடு ஒன்று, அம்மாவோடு ஒன்று என்று பிரித்தும் புழங்கும்.

"ரீச்சர், எங்கட பிள்ளைக்கு ஏற்கெனவே எட்டு வயசு, பிந்திட்டுதோ?" என்று கேட்பவர்களுக்கு: எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எதிர்த்து நிற்கும், அது நியாயம். ஒரே ஒரு இடத்தைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். என் தெரிவு கார். 401 நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும் அந்த முக்கால் மணித்தியாலத்தில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, தடுமாறினாலும் கூச்சம் இல்லை. ஏன் இப்போது தொடங்குகிறீர்கள் என்று பிள்ளையிடம் நேராகவே சொல்லுங்கள், எட்டு வயதுக்கு அது விளங்கும். அம்மம்மாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, அவ ஊரில் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பிள்ளையைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முதலில் கேள்வி ஆங்கிலத்தில் வரும், மறுமொழி தமிழில் வரும், அப்படியே போகட்டும்.

வகுப்புப் பதிவு செப்டெம்பரில். பிள்ளையை இறக்கிவிட்டு வெளியே காருக்குள் காத்திருக்காமல், முடிந்தால் முதல் அரைமணி நேரம் உள்ளே வந்து இருங்கள். பின்வரிசையில் உங்களுக்கும் கதிரை போட்டு வைக்கிறேன். அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று தெரிந்திருந்தால், வீடு போகும் வழியில் அதைப் பற்றிப் பிள்ளையோடு கதைக்க உங்களுக்கும் விஷயம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமைத் தமிழ் ரீச்சர்
ஸ்காபரோ